ஜாடிக்குள் மேய்ச்சல்

1985, புரட்டாசி, புதன்

இன்று என் கடல் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் தப்பியது.

வேளாங்கண்ணிக்குப் போன என் கணவர், பாலக்கோடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த தண்ணீர் அது. கடலையே பார்க்காத என் மாணவிகளுக்காகக் கேட்டிருந்தேன். பத்து நாள் முன்பு, பள்ளி ஆய்வுக்கூடத்தில் அதில் பாதியை ஒரு ஜாடியில் அப்படியே ஊற்றினேன். தூசி மிதந்ததால், அடுத்த ஜாடிக்கு வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். பாசி வளரட்டும் என்று இரண்டிலும் ஒரு சிட்டிகை உரம் போட்டேன். நாற்றமடித்தால் கொட்டிவிட வேண்டும் என்று தலைமையாசிரியை எச்சரித்திருந்தார்.

இன்று காலையில் போனால், ஆயா வேலை பார்க்கும் முனியம்மா வடிகட்டிய தண்ணீர் ஜாடியைக் கொட்டத் தூக்கிவிட்டார்.

"பச்சையாப் போச்சுங்க டீச்சர். கெட்டுப்போன தண்ணிய ஊத்திடறேங்க."

வடிகட்டாத ஜாடியோ தெளிவாக இருந்தது. எனக்கே குழப்பம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் நுண்பாசி மண்டிக் கிடந்தது. தெளிந்த தண்ணீரில் குட்டிப் பூச்சிகள் துள்ளின. அவற்றின் வயிற்றில் அதே பச்சை. முனியம்மாவையும் பார்க்கச் சொன்னேன். பென்னாகரம் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்தவர் அவர்.

"இதுல ஆடு மேயுதுங்க டீச்சர். அதுல ஆட்டையெல்லாம் துணியில வடிச்சுட்டீங்க. அப்புறம் புல்லு மண்டாம என்ன செய்யும்?"

அவரைக் கட்டிக்கொண்டேன்.

தலைமையாசிரியையும் வந்து பார்த்தார். நாற்றத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மாலை மணி பத்து நிமிடம் தாமதம். மணியடிக்க வேண்டிய முனியம்மா, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு எது ஆடு, எது புல் என்று காட்டிக்கொண்டிருந்தார்.