ஜெலாப்பாங் மேட்டுக்கு நான் வராத நாள்

மச்சான்,

இன்று காலை பாரிட் புந்தாரிலிருந்து ஒரு வாடகைக் கார் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவருக்கு நம் வயதுதான் இருக்கும். இறங்கியதும் இறங்காததுமாக, "அண்ணே, மெதுவாப் போனா நல்லாத்தான் போவுது. மேட்டுல முழுசா அழுத்தினா மட்டும் திணறுதுலா. காலை எடுத்தா மறுபடி சரியாயிருது" என்றார்.

என் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றுவிட்டது. எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு தடவை சொன்னார். "ஏறுங்க, மேட்டுக்கே போயிப் பாப்போம்" என்று நானும் ஏறிக்கொண்டேன். கார்புரேட்டர் மூட்டில் காற்று இழுத்துக்கொண்டிருந்தது, வேறொன்றுமில்லை. சாலையோரத்திலேயே முடுக்கிக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். எனக்குத்தான் அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. கையைக் கழுவியும் போகாத பெட்ரோல் வாசனையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது நீயும் நானும் அறிமுகமில்லாதவர்கள். பினாங்கில் இறங்கும்போது ஒரே பாயில் படுத்து எழுந்த மச்சான்கள். உன்னைக் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நான் சுற்றி வளைத்து ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின் மோட்டார் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். சில வருடங்களில் நீ தோட்டத்து டிரைவர் ஆனாய். துரை புதுக் கார் வாங்கியதும் பழைய காரை உன்னிடம் விட்டார். தபால் எடுக்க, மருந்து கொடுக்கும் டிரசரை ஏற்றிப்போக, கூலிகள் குடியிருந்த லயத்தில் நோயாளி யாராவது இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க. கூரைத் துணி கிழிந்து தொங்கிய அந்த வண்டியை நீ மாடு கழுவுவதுபோலத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாய்.

முன் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்ரோல் தொட்டி துரு பிடித்திருந்தது. அதை இறக்கி, கம்பியில் துணி சுற்றி உள்ளே துடைத்துச் சுத்தம் செய்தவன் நான். இரண்டு வாரம் கழித்து நீ திரும்பி வந்தாய்.

"சமமான ரோட்டுல ஒண்ணும் இல்ல மச்சான். மேடு ஏற முழுசா அழுத்தினேன்னு வையி, மூச்சு அடைச்ச மாதிரி நிக்குது. கொஞ்ச நேரம் பொறுத்தா தானா சரியாவுது."

பிளக்குகளை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். தொட்டி குறைந்திருந்தால் மேட்டில் பெட்ரோல் இறங்காது என்று இரண்டு டின் ஊற்றி நிரப்பினேன். பட்டறைக்குள்ளேயே நிறுத்தி முடுக்கிப் பார்த்தேன். சிங்கம்போல உறுமியது. நீ ஓட்டிக்கொண்டு போனாய். மூன்றாம் நாள் மறுபடியும் வாசலில் நின்றாய்.

இந்தத் தடவை நீயே யோசித்து வைத்திருந்தாய். "கொஞ்சமா கேட்டா கொடுக்குது, நிறையக் கேட்டா குழாய் வாய யாரோ கையால பொத்துற மாதிரி இருக்கு. நீ ஒரு தடவ எங்கூட வாயேன். ஜெலாப்பாங் தாண்டி அந்த மேடு வரைக்கும் போதும்."

அந்த மாதம்தான் தவுக்கே என்னைத் தலைமை பிட்டர் ஆக்கியிருந்தார். சுற்றிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரைவர் எனக்குப் பாடம் சொல்வதா என்று எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

"வண்டியில ஒண்ணும் இல்லலா. எல்லாம் உன் கால்லதான் இருக்கு. நீ ஓட்டுற வேலையப் பாரு, ரிப்பேர நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உன் வலது காலை ஒரு தடவை குனிந்து பார்த்தாய். "அப்போ அடுத்த வாரம் வாரியா?" என்று மட்டும் கேட்டாய். "வாரேன், வாரேன்" என்றேன். ஜெலாப்பாங் எங்கள் பட்டறையிலிருந்து எவ்வளவு தூரம்? சைக்கிளில் போனால் ஒரு சுருட்டு முடிவதற்குள் போய்விடலாம். அடுத்த வாரம் வந்தது. நான் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, ரப்பர் பால்வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம், லயத்தில் அஞ்சலைக்குப் பிரசவ வலி. தலைச்சன் பிள்ளை. குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது. தன்னால் ஆகாது, உடனே கோலா கங்சாருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டிரசர் சொன்னார். நீ அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாய். வழியில் இருந்த மேட்டில் வண்டி நின்றது. இறங்கி ஹேண்டில் சுற்றிக் கிளப்பினாய், கொஞ்சம் ஏறியதும் மறுபடி நின்றது. பின்னுக்கு உருட்டி இறக்கி, வேகம் எடுத்து வந்து பார்த்தாய். முக்கால் மேட்டில் மூன்றாவது தடவை நின்றது. ரோட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, நீயும் அவர்களோடு சேர்ந்து தோள் கொடுத்து உச்சிவரை தள்ளினீர்கள். கால் மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அஞ்சலை பிழைத்தாள். பிள்ளை போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துத் துரையின் டிரைவர் அந்தக் காரைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார். கூடவே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். உன்னைக் கூட்டி வரவில்லை.

அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக அந்த வண்டியை ஜெலாப்பாங் மேட்டுக்கு ஓட்டிப் போனேன். நீ சொன்னது அத்தனையும் சொன்னபடியே நடந்தது. பாதி மேட்டில் முழுசாக அழுத்தினேன். இரண்டு தடவை இருமிவிட்டுத் திணறி நின்றது. கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு டின்னைப் பிடித்தேன். பெட்ரோல் முதலில் கொட்டியது. பிறகு நூலாக மெலிந்தது. பிறகு சொட்டு. வண்டியை லேசாக ஆட்டினேன், மறுபடி கொட்டியது. இதைப் பார்க்க மேடுகூடத் தேவையில்லை, மச்சான். பட்டறையில் ஒரு டின்னைப் பிடித்து ஐந்து நிமிடம் பொறுமையாக நின்றிருந்தால் போதும்.

தொட்டிக்குள் கம்பியை விட்டு இழுத்தேன். விரல் நீளத்துக்கு ஒரு துணி வந்தது. நீலக் கட்டம் போட்ட என் பழைய கைலியின் கிழிசல். நான் துடைத்தபோது உள்ளே விட்டது. மெதுவாக ஓடும்போது அது பாட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. பெட்ரோல் வேகமாக இறங்கும்போதெல்லாம் இழுபட்டுப் போய்க் குழாய்த் துவாரத்தை அடைத்திருக்கிறது.

துணியைப் பையில் போட்டுக்கொண்டேன். பட்டறைக்குத் திரும்பியபோது கிராணி நாற்காலியில் காத்திருந்தார். பக்கத்தில் தவுக்கே.

"காரில பிழை இருக்கோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லும். துரைக்கு எழுத வேணும்" என்றார் கிராணி.

தவுக்கேயின் முகத்தைப் பார்த்தேன். அடுத்த கப்பலில் என் பெண்சாதி வருவதாகக் கடிதம் வந்திருந்தது. இந்த வேலை போனால் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நினைத்தேன். உன் பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுத எனக்கு ஆசை, ஆனால் நினைக்கவில்லை.

"பிழை இல்லைங்க" என்றேன்.

"அப்ப சாரதியிலதான் பிழை."

அவர் எழுதிக்கொண்டார். துணியை அன்று மாலையே அடுப்பில் போட்டேன்.

உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நீ சண்டைக்கு வருவாய் என்று ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தேன். நீ வந்தாய், சண்டைக்கு இல்லை. கோப்பிக்கடையில் என் எதிரில் உட்கார்ந்து, ஆறிப்போன கோப்பியைப் பார்த்துக்கொண்டே, "நீ அன்னிக்கே சொன்ன மச்சான். எங் கால்லதான் கோளாறு. நாந்தான் வண்டியக் குத்தம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாய்.

என்னைத் திட்டியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அதுவும் பொய். நீ என்னை நம்பியது எனக்கு வசதியாக இருந்தது.

நீ குடும்பத்தோடு பாரிட் புந்தாருக்குப் போய் நெல் ஆலையில் மூட்டை தூக்கினாய். அங்கே ஒரு முதலாளி உன்னை லாரி ஓட்டக் கூப்பிட்டாராம். "எங் கால நம்பி யாரையும் ஏத்த மாட்டேன்" என்று மறுத்துவிட்டாயாம். இதை உன் பெண்சாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வருடம் நீ காய்ச்சலில் கிடப்பதாகத் தகவல் வந்து ரயில் ஏறி வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி, "இத நீங்களாவது கேளுங்கண்ணே" என்று சொன்னது.

நீ பாயில் படுத்திருந்தாய். உன் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாசாருக்குச் சாமான் வாங்கப் போனது. வீட்டில் நாம் இரண்டு பேர்தான். வெளியே வயலில் யாரோ பறவை விரட்டிக்கொண்டிருந்தார்கள். நீ கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு மச்சான். நிசமாவே வண்டியில ஒண்ணும் இல்லியா?"

"அது பழைய கதைலா. இப்ப எதுக்கு? உடம்பப் பாத்துக்க" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். பிறகு எனக்குக் கோப்பி வேண்டுமா என்று கேட்டாய். எழுந்து போட உன்னால் முடியாது, ஆனாலும் கேட்டாய். பன்னிரண்டாம் நாள் தந்தி வந்தது.

காரியம் முடிந்த பிறகு நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அஞ்சலை லயத்து வாசலில் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தது. முதுகுப் பக்கம் ஒரு சின்னப் பெண் பிள்ளை, அதற்கப்புறம் பிறந்தது, சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் யார் என்பதைச் சொன்னேன். துணியைப் பற்றிச் சொன்னேன். கிராணியிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். அஞ்சலை வாளியைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

"அந்த அண்ணன் வருசா வருசம் அந்த நாளுல வந்துருவாருங்க. பிள்ளையப் பொதைச்ச எடத்துல கொஞ்ச நேரம் நிப்பாரு. 'எங் கால் கெட்டுப்போச்சு தாயி'ம்பாரு. நாங்க ஒருநாளும் அவரக் குத்தம் சொன்னதில்ல. அவருதான் கேக்கல." பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இத அவருக்கிட்ட சொன்னீங்களா?" என்றது.

"சொல்லல."

"இத்தன வருசமும் நீங்க ஈப்போவுலதான இருந்தீங்க?"

"ஆமா."

அது என்னைத் திட்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டு வாங்கினால் பாரம் கொஞ்சம் குறையும் என்ற கணக்கும் இருந்திருக்கும். அது பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

தவுக்கேயிடமும் சொன்னேன். ஆள் இல்லாத பிறகு இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டார். உன் பெண்சாதியிடம் சொன்னேன். அன்றிலிருந்து அது என்னை அண்ணே என்று கூப்பிடுவதில்லை. அது சரிதான்.

உன் காலில் ஒரு குறையும் இல்லை, மச்சான். நீ ஓட்டியது சரி, நீ யோசித்ததும் சரி, நீ சொன்னபடியே ஏதோ ஒன்று குழாயின் வாயைப் பொத்தியது. பொத்தியது என் துணி. இதைச் சொல்ல இத்தனை பக்கம் தேவையில்லை, நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தையைச் சொல்ல, பாரிட் புந்தாரில் உன் பாய் ஓரத்தில் எனக்கு ஒரு முழு மத்தியானம் இருந்தது.