ஆறாவது படத்தின் அடியில்

காலையில் புதுக் கைத்தறிப் புடவைக்கு இஸ்திரி போடத் தண்ணீர் தெளித்தேன். கஞ்சி வாசனை குப்பென்று எழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் படம் ஒட்டுவதற்கு, உங்கள் வீட்டுத் தறியில் பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியைக் கொட்டாங்குச்சியில் எடுத்து வருவாயே, அதே வாசனை. நீ போய் இந்தத் தையோடு ஒரு வருஷம் ஆகிறது. இன்றைக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறதடி, யாரிடம் போய்ச் சொல்ல?

பத்தாம் வகுப்பில் தமிழ் டீச்சர் ஆளுக்கொரு பெரிய தாள் கொடுத்தார். "உங்க கதைய நீங்களே சொல்லுங்க" என்றார். தாளில் ஆறு கட்டம். கட்டத்துக்குள் படம், அடியில் எழுத்து. கடைசிக் கட்டம், 'பத்து வருஷம் கழித்து நான்'. எனக்குப் படம் வரும், உனக்கு எழுத்து வரும். உன் படங்களை நான் வரைவது, என் கதையை நீ எழுதுவது என்று பேசிக்கொண்டோம். சின்ன வயசில் திருத்தணி மலையில் எனக்கு மொட்டை போட்டபோது போட்டவர் விரலை நான் கடித்துவிட்டதாக நீயாக ஒரு கதை கட்டினாய். எங்கள் அம்மாவே அதை நம்பிவிட்டாள்.

உன் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம்.

"டீச்சரா வரைடி. கையில சாக்பீஸ் இருக்கணும்" என்றாய்.

எனக்கு எப்போதும் குறும்பு. நகரியில் இருந்த உன் அத்தை மகனை, உன் பாவாவைச் சொல்லித்தானே வகுப்பே உன்னைக் கிண்டல் செய்யும்? உன்னை மணப்பெண்ணாக வரைந்து, பக்கத்தில் பெரிய மீசையோடு பாவாவையும் நிறுத்தினேன். என் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு நீயும் சிரித்தாய். மாற்றி வரைய வேறு தாள் இல்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். நீ மட்டும் உட்கார்ந்து எழுதி முடித்தாய்.

மறுநாள் சுவரில் ஒட்டிய தாள்களைப் பெற்றோர்கள் பார்க்க வந்தார்கள். உன் நைனா வேட்டியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டியபடி உன் தாளின் முன்னால் வந்து நின்றார். நீ வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாய். அவர் கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அதன் அடியில் நீ எழுதியிருந்ததை நானும் பார்த்தேன். 'படம் பொய். நான் மேலே படிப்பேன், டீச்சர் ஆவேன். நைனா விடுவார்.'

அந்த வருஷம் முழுப் பரீட்சை முடிந்ததும் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதே பாவாதான். நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன். படத்தைப் பார்த்த அன்றே உன் நைனா அத்தை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாராம். "வாயால சொல்ல வெக்கப்பட்டுகினு படத்துல சொல்லிகீது எம் பொண்ணு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ அழுததைக்கூட வெட்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு உன்னைத் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நான் டீச்சர் வேலைக்குப் போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். நகரி பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவள் திரும்பி, "நைனாவுக்குத் தெலுங்குதானே படிக்க வரும். யாருனா ஒருத்தர் படிச்சிக் காட்டியிருந்தா என்னை விட்டிருப்பாருடி" என்றாய். நான் பஸ்ஸின் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உயிரோடு இருந்த உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், கேள். அன்று அவர் என் பக்கம் திரும்பி, "எனக்குத் தமிழ் படிக்க வராதும்மா. அடியில இன்னா எழுதிகீது?" என்று கேட்டார். 'படம் பொய்' என்று படித்தால் அப்போ யார் வரைந்தது என்று கேட்பார், நான்தான் என்று தெரிந்துவிடும், டீச்சர் பக்கத்திலேயே நிற்கிறார். அடி விழுமே என்று பயந்தேன்.

"படத்துல கீறதுதாங்க நைனா எழுதிகீது" என்றேன்.

"ஆங்" என்று சிரித்துவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார்.