தொண்ணூற்றேழு புள்ளி நாலு

என் உயிருக்குயிரான மும்தாஜ் அக்காவுக்கு,

எனக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள் அக்கா. மரப்பலகை, அதன் மேல் தங்க நிறத்தில் ஒரு தகடு. ‘சிறந்த பதிவேடு பராமரிப்பு’ என்று போட்டு, கீழே என் பெயர். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். “டிவி மேல வெக்கலாமே, நாலு பேரு பாப்பாங்க” என்றார் வீட்டுக்காரர். “அத்த வெளிய எடுத்தீங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது” என்றேன்.

உன்னையும் என்னையும் தெரியாதவர்களும் இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லுவேன், கோவிச்சுக்காதே. நாம் இரண்டு பேரும் கொசு வேலைக்காரிகள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்துப் புழு பார்த்து, மருந்து ஊற்றி, கதவுக்குப் பின்னால் இருக்கும் அட்டையில் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தக் கூலிகள். கொரோனா வந்ததும் டார்ச்சை வாங்கிக்கொண்டு காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். டாக்டரம்மா ஆயிட்டோம்டி என்று நீ சிரித்தாய்.

இப்போது இங்கே என்ன நடக்கிறது, கேட்கிறாயா? ஆபீஸ் வாசலில், காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற கைகழுவும் தொட்டி வைத்தார்களே, அது இப்போது பான்பராக் துப்புகிற இடம். தெருவை அடைத்த தகரமெல்லாம் அதிகாரிகள் பைக் நிறுத்துகிற இடத்துக்குக் கூரையாகிவிட்டது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவிகள் பீரோவுக்குள் இருக்கின்றன, பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முகக்கவசம் போடுங்கள் என்று ஒரு பேனர் இன்னும் தொங்குகிறது. அதற்குக் கீழேதான் எல்லாரும் உட்கார்ந்து எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சீ!

போன வாரம் மறுபடியும் கூப்பிட்டார்கள். அங்கங்கே காய்ச்சல் வருகிறதாம், மறுபடியும் வீடு வீடாகக் கணக்கெடுக்கணுமாம். அதே படிவம் அக்கா, ஒரு கட்டம்கூட மாறவில்லை. அதே துப்பாக்கி, அப்போது போலவே உள்ளே பேட்டரி கிடையாது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “சார், இது எரியவே இல்ல சார்” என்றாள். நம் சூப்பர்வைசர் ஏகாம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் தொப்பை கூடியிருக்கிறது, வேறு மாற்றமில்லை. “சும்மா கைல புடிச்சிகினு போம்மா. ஜனங்க பாக்கணும், போட்டோல வரணும், அவ்ளோதான். பதினோரு மணிக்குள்ள பாரம் ஃபில் ஆயி வந்துடணும்” என்றான்.

அந்தப் பெண் என்ன எழுதுவது என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். “செல்விய கேளு, சொல்லும்.”

எனக்கு விடை தெரியும். தொண்ணூற்றேழு புள்ளி நாலு.

மரத்தடி ரீடிங் என்று நாம் சொல்வோமே, அதுதான். தெருமுனைப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, ஒரு வீட்டுக்கும் போகாமல், எல்லா வீட்டுக்கும் நாமே எழுதுகிற அளவு. ‘தொண்ணூத்தெட்டுக்கு மேல போட்டா போன் பண்ணுவான், எல்லாத்துக்கும் ஒண்ணே போட்டா சந்தேகம் வரும். ஒண்ணுல நாலு, ஒண்ணுல அஞ்சு, மறுபடியும் நாலு’ என்று ஏகாம்பரம்தான் பழக்கினான். பதினோரு மணிக்குள் முந்நூறு வீட்டை எந்த மனுஷி ஏறி இறங்க முடியும்? எல்லாரும் எழுதினோம். நீ மட்டும் எழுதவில்லை.

நீ தட்டுவாய். ஒரு வீட்டுக்கு மூன்று தரம் தட்டி, திறக்கிற வரைக்கும் நிற்பாய். குவார்ட்டர்ஸில் ஒரு ஆள் கேட்டுக்கு உள்ளேயிருந்தே, “நோயைக் கொண்டாந்து குடுக்கத்தான் வர்றீங்க, போங்க” என்று கத்தினான். “நோயி உள்ள கீதான்னு பாக்கத்தான் வந்தேன் சார். இல்லன்னா சந்தோசமா போயிடுவேன்” என்று சொல்லிவிட்டு, அவன் வருகிற வரைக்கும் வெயிலில் நின்றாய். துப்பாக்கிக்குப் பேட்டரி கேட்டால் இன்டென்ட் போட்டிருக்கிறோம், மேலேயிருந்து வரணும் என்றே சொல்வார்கள். நீ வீட்டு டிவி ரிமோட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து போட்டாய். சேனல் மாற்ற முடியாமல் உன் மகள் ஷாஹிதா உன்னோடு சண்டை போட்டாளே! அதுவும் தீர்ந்து போனபோது என்ன செய்தாய்? கிளவுசைக் கழற்றிவிட்டுப் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாய். முன்பின் தெரியாதவர்கள் நெற்றியில் எல்லாம். எத்தனை தடவை உன்னைத் திட்டியிருப்பேன் அக்கா.

கொஞ்ச நாளில் எனக்கு அந்தத் தெரு வேலை இல்லாமல் போனது. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஏகாம்பரம் என்னை ஆபீஸ் வாசலில் உட்கார வைத்துவிட்டான். காலையில் வேலைக்கு வருகிற நம் ஆட்களுக்குக் காய்ச்சல் பார்த்து, நோட்டில் எழுதுவது என் வேலை. அந்த ஒரு துப்பாக்கியில் மட்டும் எப்போதும் பேட்டரி இருந்தது. நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் திங்கட்கிழமை நீ வரும்போதே உன் கண் சிவந்திருந்தது. “செல்வி, ராவெல்லாம் ஒடம்பு வலிடி. ஜொரம் அடிக்குது, பாரேன்” என்றாய். நெற்றிக்கு நேரே பிடித்தேன். நூற்றியொன்று புள்ளி எட்டு. திரை சிவப்பாகிக் கீச் கீச் என்று கத்தியது. ஏகாம்பரம் எங்கேயோ இருந்தவன் ஓடி வந்து என் கையிலிருந்த கருவியை அணைத்தான்.

“ஒருத்தருக்கு ஜொரம்னு எழுதினா மொத்த பேட்ச்சையும் ஊட்டுக்கு அனுப்பணும். பதினாலு நாளு. அப்பறம் வேற ஆள போட்டுக்குவான், உன்னையும் சேத்துத்தான். நார்மல்னு போடு” என்றான்.

நான் உன்னைப் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்தேன். உன் பெயருக்கு நேரே 97.4 என்று எழுதினேன். அவன் எழுதவில்லை அக்கா, நான் எழுதினேன். அழகான கையெழுத்தில்.

நீ குனிந்து நோட்டைப் பார்த்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். “இன்னாடி, நானும் நல்லாத்தான் கீறேனா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். செவ்வாய்க்கிழமையும் அதேதான் எழுதினேன். புதன்கிழமையும். அந்த மூன்று நாளும் நீ எத்தனை வீட்டு வாசலில் நின்றாய், அந்த வீடுகளில் யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமும் இல்லை. வியாழக்கிழமை நீ தெருவில் விழுந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க விடவில்லை. பூந்தமல்லி கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியே, தூரத்தில்தான் நின்றேன். வெள்ளை உடை போட்ட நாலு பேர் உன்னை இறக்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீ யார் என்றுகூடத் தெரியாது, ஆனாலும் மரியாதையாக இறக்கினார்கள். நம் ஆபீஸிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் உன் தெருவுக்குப் பிளீச்சிங் பவுடர் போட மட்டும் ஆள் அனுப்பினார்கள்.

இப்போது ஆபீஸுக்குப் புதுக் கட்டடம் வந்திருக்கிறது. வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கிறார்கள். தொற்றுக் காலத்தில் பணியில் உயிர்விட்டவர்களின் பெயர் அதில் வருமாம். ஷாஹிதா உன் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்தாள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்தக் கல்லில் அம்மா பெயர் இருந்தால் போதும் என்றாள். பத்து நாளில் பதில் வந்துவிட்டது. பேட்டரிக்குத்தான் வருஷக்கணக்கு, மறுப்பதற்கு இவர்களுக்குப் பத்து நாள் போதும்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். என்னைச் சித்தி என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள், நீ பழக்கிய பழக்கம். ‘பணி நாட்களில் மேற்படி பணியாளருக்குக் காய்ச்சல் ஏதும் பதிவாகவில்லை. எனவே தொற்று இல்லத்தில் ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது.’ அதற்குச் சான்றாக நோட்டின் நகல் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். திங்கள், செவ்வாய், புதன். என் எழுத்து. உன் பெயர்.

“சித்தி, இத யாரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாதும்மா என்றேன். என் நாக்கு அழுகாமல் இன்னும் வாய்க்குள்தான் இருக்கிறது.

அவள் அந்த நகலில் புதன்கிழமை வரியின் மேல் விரலை வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “அந்த புதன்கிழம நான் திருமழிசைக்குப் போனேன் சித்தி. தற்காலிகமா மார்க்கெட் போட்டாங்கல்ல, அங்க. வெங்காயம் சீப்பா கெடைக்குதுன்னு, அம்மா வாணாம்னு சொல்லியும் போனேன். ஒரே கும்பல். புதன் காலைல வரைக்கும் அம்மாவுக்கு நார்மல்னு இதுல போட்டிருக்கு. வியாழன் விழுந்துட்டாங்க. அப்போ நான்தான் கொண்டாந்து குடுத்துட்டேனா?”

ஐயோ அக்கா! அப்போது அவளுக்குப் பதினாறு வயசு. இத்தனை வருஷமாக அந்த வெங்காயப் பையை மனசில் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். அவள் வீட்டில் இப்போதும் சமையலுக்கு வெங்காயம் வாங்குவதில்லை என்று உன் தம்பி பெண்டாட்டி ஒருதரம் சொன்னாள், நான் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமையே உனக்கு நூற்றியொன்று புள்ளி எட்டு. அவள் சந்தைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால். அந்த ஒரு எண்ணை நான் எழுதியிருந்தால் இந்தப் பெண் நிம்மதியாக ஒரு குழம்பு வைத்துச் சாப்பிட்டிருப்பாள்.

அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். “அப்டிலாம் நெனைக்காதம்மா” என்றேன். அவள் போன பிறகு அவள் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அதற்கு மறுநாள்தான் விழா. மேடையில் ஒரு பெரிய அதிகாரி நம் நோட்டைத் தூக்கிக் காட்டினார். “தொற்றுக் காலம் முழுவதும் இந்த வார்டில் ஒரு பணியாளருக்குக்கூடக் காய்ச்சல் இல்லை. பதிவேடு இப்படி இருக்க வேண்டும். ஒரு அடித்தல் திருத்தல் உண்டா பாருங்கள்!” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஏகாம்பரம் விசில் அடித்தான். வரப்போகும் காய்ச்சலுக்கு இதுதான் மாதிரியாம், எல்லா வார்டுக்கும் நகல் அனுப்பப் போகிறார்களாம். நான் மேடை ஏறினேன். கேடயத்தை வாங்கினேன். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். உன்னைக் கொன்ற பக்கத்துக்குக் கிடைத்த பரிசு அக்கா அது.

அவர்கள் மேல் எனக்கு அருவருப்பு. அந்தப் பேனர் மேல், அந்தக் கல்வெட்டு மேல், அந்தக் கைதட்டல் மேல். ஆனால் அதைவிட என் கை மேல். சோறு பிசையும்போதெல்லாம் பார்க்கிறேன், இந்தக் கைதான். நீ என்னை மன்னிப்பாயா என்று கேட்கப் போவதில்லை. அப்படிக் கேட்பதே எனக்கு வசதியாகப் போய்விடும்.

இந்தக் கடிதத்தை மூன்று நகல் எடுத்திருக்கிறேன். ஒன்று புது ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு, கேடயத்தையும் அதற்குக் கீழேயே வைத்துவிடுவேன். ஒன்று அதிகாரிகள் மனு வாங்குகிற நாளில் கொடுப்பதற்கு. அதில் கடைசியில் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: திங்கட்கிழமை காலை மும்தாஜுக்கு 101.8, கருவியைப் பிடித்தவளும் நான், மாற்றி எழுதியவளும் நான். வேலை போகும். போகட்டும். போலீசுக்குப் போனாலும் போகட்டும்.

மூன்றாவது ஷாஹிதாவுக்கு. முதலில் கொடுக்கப் போவது அதைத்தான். அவள் என்னைச் செருப்பால் அடிக்கலாம், இனிமேல் சித்தி என்று கூப்பிடாமலே போகலாம். அடிக்கட்டும். புதன்கிழமை அந்தப் பிள்ளைக்குத் திரும்பக் கிடைத்தால் போதும்.

காலையில் போகிறேன் அக்கா. மரத்தடியில் உட்கார்ந்து போனேன் வந்தேன் என்று எழுத மாட்டேன். உன் வீட்டு வாசலில் நின்று, நீ தட்டுகிற மாதிரி மூன்று தரம் தட்டி, அவள் திறக்கிற வரைக்கும் நிற்பேன்.

இப்படிக்கு,
உனக்கு ஜுரம் இருந்தது தெரிந்த தங்கச்சி,
செல்வி