நடுவட்டத்தில் உட்கார்ந்தவனுக்கு

மக்கா,

இன்று காலை கடையில் தைலக் குப்பி ஒன்று கைதவறி உடைந்தது. மார்த்தாண்டம் சந்திப்பின் புகையை மீறிக்கொண்டு, ஆட்டத்துக்கு முன் நாம் உடை மாற்றும் அறையின் நெடி எழுந்தது. நீ பெஞ்சில் காலை நீட்டிக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லீக் அலுவலகத்திலிருந்து ஒரு பெண். தேசிய கால்பந்து லீக்கை மறுபடியும் மறுசீரமைக்கிறார்களாம். தொடக்க விழாவில் பழைய வீரர்களின் படங்களை ஒரு சுவரில் மாட்டப்போகிறார்கள், உன் படம் வேண்டும் என்றாள். உன்னை விழாவுக்கு அழைத்துவர முடியுமா என்றும் கேட்டாள். நீ போய் ஓராண்டு ஆனது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுசீரமைப்பு என்ற சொல்லை நாம் முதலில் கேட்டது ஒரு நட்சத்திர ஓட்டலில். நீ கேப்டன் என்பதால் உன்னை அழைத்திருந்தார்கள். துணைக்கு நான் வந்தேன். கோட்டு போட்ட ஒருவர் திரையில் வரைபடங்கள் காட்டினார். லீக் நஷ்டத்தில் ஓடுகிறதாம், நிதி நிலைத்தன்மை வேண்டுமாம். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து, நுழைவுக் கட்டணம் கட்டக்கூடியவர்களுக்கு மட்டும் ஒரு புது லீக். அதில் தோற்றாலும் கீழே இறங்க வேண்டாம். நம்மைப் போல வெளியே இருப்பவர்கள் ஜெயித்தாலும் மேலே ஏற முடியாது. செலவைக் குறைப்பதைப் பற்றி அவர்கள் பேசிய மேசையில் பொரித்த இறால் தட்டுத் தட்டாக ஆறிக்கொண்டிருந்தது. குளச்சல்காரனான நீ ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தாய்.

பிறகு எழுந்து நின்று, சீசன் தொடங்கும் முன்பே வீரர்களின் முழுச் சம்பளத்தையும் ஒவ்வொரு கிளப்பும் வங்கியில் கட்டி வைக்கட்டும் என்றாய். கைதட்டினார்கள். அருமையான யோசனை என்றார் கோட்டுக்காரர். அறிக்கை வந்தபோது அதில் வைப்புத்தொகை இருந்தது, லீக்குக்கு வரவேண்டிய பணத்துக்கு உத்தரவாதமாக. வீரன் என்ற சொல் அந்தப் பத்தியிலேயே இல்லை.

புது லீக்கின் வெளிச்சத்தில் நம் கிளப்பின் விளம்பரதாரர்கள் கழன்றுகொண்டார்கள். சம்பளம் நின்றது. விடுதிச் சமையல்காரரும் போய்விட்டார். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாத சின்னப் பையன்கள் உன் அறை வாசலில் வந்து நிற்பார்கள். ஒப்பந்தம் முடியும்வரை ஆடித்தான் தீரவேண்டும் என்றது நிர்வாகம்.

கடைசி ஆட்டம் டிவியில் வந்தது. மைதானத்துக்குள் நடக்கும்போது என் காதருகே சொன்னாய்: "நான் நடுவட்டத்துல கீழ இருக்கப் போறேன். நீ இருக்கியா மக்கா?"

விசில் ஒலித்தது. பந்தின் பக்கத்தில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். நான் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக நம் அணி முழுக்க உட்கார்ந்தது. எதிரணி கேப்டன் சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டு அவனும் உட்கார்ந்தான். பளபளக்கும் ஷூவோடு புல்லில் ஓடிவந்தார் அதே கோட்டுக்காரர். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, எழுந்திரு என்று பல்லைக் கடித்தார்.

"கேமராக்காரனுக்குச் சம்பளம் கொடுத்தாச்சா சாரே?" என்று கேட்டாய்.

டிவியில் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அந்த வெட்கக்கேடு ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு பையன்களுக்குச் சம்பளம் வந்தது. நமக்கு வந்தது தடை. அந்த வயதில் தடை என்றால் ஆட்டம் முடிந்தது என்றுதான் பொருள். நீ குளச்சலில் ஐஸ் கம்பெனிக்குப் போனாய், நான் இந்தக் கடையைப் போட்டேன். சம்பளம் கிடைத்த பையன் ஒருவன் உன்னைப் போனில் கூப்பிட்டு அழுததும், "சோறு தின்னியா?" என்று மட்டும் நீ கேட்டதும் நினைவிருக்கிறது. போன வருடம் என்னைப் பார்க்கக் கடைக்கு வந்திருந்தபோது உனக்கு நெஞ்சு வலித்தது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோன வண்டியில் உன் காலைப் பிடித்தபடி இருந்தேன். வழியில் தக்கலையைக்கூட நீ தாண்டவில்லை.

அந்தக் கோட்டுக்காரர் இன்னும் இருக்கிறார். முடிக்குச் சாயம் பூசி, அதே நிலைத்தன்மையை டிவியில் விற்றுக்கொண்டிருக்கிறார். அவர் கைவைத்த கிளப்புகளில் ஒன்றுகூட நிலைக்கவில்லை; அவர் நாற்காலி நிலைத்திருக்கிறது.

காலையில் போன் செய்த அந்தப் பெண்ணிடம் நீ இறந்துவிட்டதைச் சொன்னேன். வருந்தினாள். அப்படியென்றால் படம் கட்டாயம் வேண்டும் சார், மரியாதைக்கு, என்றாள். படம் இருக்கிறது, தரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டேன்.

"விடு மக்கா, அவனுவளுக்குப் பந்துகளி தெரியாது, பாவங்க" என்பாய். உனக்கு அவர்கள்மேல் இரக்கம் இருந்தது. எனக்கு இருப்பது கோபம்கூட இல்லை, அருவருப்பு. கோபமாக இருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். இதை நீ சுமக்கவில்லை. உன் பங்கையும் சேர்த்து நான் சுமக்கிறேன்.