மனப்பாடம் செல்லாது என்றார்கள்

என் பொன்னான தங்கச்சி லெட்சுமிக்கு,

உன் மகள் காந்திமதிக்குப் பரவையில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நலுங்கில் வைத்த விடுகதைப் போட்டியில் அவள் ஜெயித்தாள். ஜெயித்தது செல்லாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். மிச்சத்தையும் சொல்கிறேன். இந்தத் தடவையாவது குறுக்கே பேசாமல் கேள்.

சிரிப்புக்கு என்றுதான் போட்டியை ஆரம்பித்தார்கள். "ஜெயிச்சா என்னம்மா வேணும்?" என்று சம்பந்தியம்மா கேட்டார். புடவையோ வளையலோ கேட்பாள் என்று நினைத்திருப்பார். உன் மகள் குனிந்த தலை நிமிராமல், "வருசா வருசம் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேத்தத்துல இருந்து எங்க தாய்மாமா வீட்டுல இருக்கணும் அத்தை" என்றாள்.

சித்திரை வெயிலில்தான் அந்த வீட்டில் வருசத்துப் புளியை உடைப்பார்கள், வற்றல் போடுவார்கள். அந்த நேரத்தில் மருமகளை எந்த மாமியார் அனுப்புவார்? ஆனால் அந்த அம்மா ரோசக்காரி. "ஜெயிச்சுக் காட்டு, போயிட்டு வா" என்று அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் நீ பார்த்திருக்க வேண்டும்! அவர் விடுகதையை எடுத்த மூச்சில் இவள் விடையைப் போட்டாள். முழுசாகக் கேட்கக்கூட இல்லை. பெண் வீட்டார் கை தட்டத் தட்ட அந்த அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"நிறுத்துங்கப்பா. இது யோசிச்சுச் சொல்றது இல்ல, மனப்பாடம். இது எப்படிச் செல்லும்?"

எனக்குச் சுருக்கென்றது. "மழைக்கு முந்தியே சரக்குப் பிடிச்சு வச்சவன் திருடனா சம்பந்தியம்மா?" என்றேன்.

"உங்க வத்தல் கடை நாயத்தை இங்க அளக்காதீங்க. விடுகதைன்னா பூட்டு. திறக்கணும். உங்க மருமக சாவிக் கொத்தையில்ல இடுப்புல சொருகிட்டு வந்திருக்கா!"

உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சாவிக் கொத்து எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

தாலியறுத்து, கைப்பிள்ளையோடு நீ என் வீட்டுக்கு வந்த பிறகு, கீழமாசி வீதியில் நம் சரக்குக் கிட்டங்கியில் மிளகாய் காம்பு கிள்ளும் பெண்களோடு போய் உட்கார்ந்துகொள்வாய். மேலூர்க்காரி ஒரு விடுகதை போடுவாள், ஒத்தக்கடைக்காரி ஒன்று போடுவாள். "வாய் ஓடினா கை நிக்கும்" என்று நான் சத்தம் போடுவேன். ஒருநாளும் உங்கள் கை நிற்கவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு காந்திமதி அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள். "எங்கம்மாகிட்டச் சொன்னதையெல்லாம் எனக்கும் சொல்லுங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மிளகாய் நெடியில் தும்மித் தும்மி மனப்பாடம் பண்ணினாள். அதையா செல்லாது என்பது?

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "அத்தை, நீங்க கேட்டதெல்லாம் இப்ப நீங்களா கட்டுனதா?"

"இல்ல. எங்கம்மா சொன்னது, ஊர்ல கேட்டது."

"அப்ப நீங்க மட்டும் மனப்பாடமாக் கேக்கலாம், நான் மட்டும் மனப்பாடமாச் சொல்லக் கூடாதா?"

மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவரே தொடையில் தட்டி, "மடக்கிட்டாய்யா!" என்றார். சம்பந்தியம்மா விடவில்லை. ஆளுக்கொரு புது விடுகதை, இங்கேயே கட்ட வேண்டும், அதில் தெரிந்துவிடும் என்றார். அவரே முதலில் கேட்டார். "நேத்து இல்ல, இன்னைக்கு ஊருக்கே நிழல், நாளைக்குச் சுருட்டித் தோள்ல தூக்கிட்டுப் போவாக. என்னது?"

உன் மகள் மாலையைப் பார்த்தாள், மணையைப் பார்த்தாள், விழித்தாள். விடை பந்தல்! தலைக்கு மேலேயே இருந்தது. கல்யாணப் பெண் தலை நிமிரக் கூடாது என்று காலையிலிருந்து கிழவிகள் அவள் கழுத்தை அமுக்கிக்கொண்டே இருந்தார்களே, எப்படித் தெரியும்?

அடுத்து இவள் முறை. "கேள்வி கேக்கும்போது சிங்கம், பதிலைச் சொன்னா வக்கீல். அது யாரு?"

அந்த அம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். கிளியா? நாரதரா? மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தான். அப்புறம் சபை முழுக்கச் சிரிப்பு. "எம்மா, அது நீதான்!" என்று அவன் சொல்லியே விட்டான். அந்த அம்மா காந்திமதியை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தார். "வாடி என் வீட்டுக்கு, உனக்குச் சரியான ஆளு நான்தான்" என்று அவள் கன்னத்தில் சந்தனத்தை அப்பினார்.

எத்தனையோ சரக்கை எத்தனையோ சந்தையில் விற்றுவிட்டேன். அந்த நிமிசத்தில் நிமிர்ந்தது போல என் நெஞ்சு எந்தச் சந்தையிலும் நிமிர்ந்ததில்லை. நீ அங்கே இருந்திருக்கக் கூடாதா?

நலுங்கு முடிந்ததும் நானும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்து பேசி முடித்தோம். நான் உயிரோடு இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் இம்மி குறைய விடமாட்டேன், இது உனக்கு என் வாக்கு. புளியை முன்கூட்டியே உடைத்து முடித்துவிட வேண்டும். கொடியேற்றத்துக்கு நானே வண்டி கட்டிப் போய் அவளை அழைத்து வருவேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரும் அவர்கள் வண்டியில் அவள் திரும்பிப் போவாள். நடுவில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது கிடையாது. இனி எந்தப் போட்டியிலும் மனப்பாடம் செல்லும், கேட்பவருக்கும் சரி, சொல்பவருக்கும் சரி.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவன், உன் மகளின் தாய்மாமன்