மிச்சம் வைத்த சரக்குத்தூள்

என் அக்காவுக்கு,

நீ பொபினியிலுள்ள உன் வீட்டுக்குத் திரும்பிய அன்றே பிள்ளையின் தொப்புள்கொடியைக் காணவில்லை. காய்ந்து விழுந்ததைத் தாயத்தில் அடைக்கவென்று பஞ்சில் சுற்றி வைத்திருந்தேன். இவர் கட்டிலைக்கூடப் புரட்டித் தேடினார். "குப்பையோடை போயிட்டுது, விடுங்கோ" என்றேன்.

ஆசுப்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி தன் நச்சுக்கொடியைச் சாப்பிடக் கேட்டாள் என்று நீ போவதற்கு முந்தினநாள் நான் சொன்னதும் மாமி, "எங்கடை ஊரிலை பிள்ளையில்லாதவை, பிள்ளை தங்குமெண்டு விழுந்த தொப்புள்கொடியை வாழைப்பழத்துக்குள்ளை வைச்சு விழுங்கிறவை" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை.

உனக்கு வாழைப்பழம் பிடிக்காது. சமையலறையில் கிடந்த தோலை நான்தான் எறிந்தேன்.

பிள்ளைப்பெற்ற எனக்குக் காய்ச்சித் தர நீ லாச்சப்பல் தமிழ்க்கடையில் வாங்கிய சரக்குத்தூளில் பாதியை எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு நான் காய்ச்சுவேன்.

உன் தங்கை