மெஷினுக்கு வைத்த சந்தனம்

2024 செப்டெம்பர் 3, செவ்வாய்

கூட்டத்தில் வினோதனைப் பிடித்துத் தின்னாத குறை. படங்களையும் காணி உறுதிகளையும் லேசரால் கண்ணாடித் தட்டில் பொறித்து வைத்தால் உப்பிலும் வெயிலிலும் அழியாது என்று சொல்லித்தான் எங்களிடம் காசு வாங்கினான். அந்தத் தட்டுகளைக் கூட்டில் போட்டுத் துறைமுகத் தண்ணீருக்குள் இறக்கி வருடம் திரும்பிவிட்டது. இன்னும் பரிசோதனையாம். கிண்ணியாவில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கும் ஸெய்னுதீன் நானா பொறுக்க முடியாமல் மேசையில் அடித்தார். நான் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "தங்கச்சி, உங்கட பொறுமை ஆருக்கும் வராது" என்றார்.

பொறுமையா எனக்கு? கலியாணக் கார்ட் அடித்த பிறகு, கிளிவெட்டி வயல்காரன் மகள் வேண்டாம் என்று என்னை விட்டுப் போனவன் இவன். அவன் விழும்போது பக்கத்தில் நின்று பார்க்கத்தான் படகு எஞ்சின் கடையில் உழைத்த காசை இதில் போட்டேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

ஒக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. ஆய்வுகூடத்தில் தட்டு வாசிக்கிற மெஷினுக்கும் மாலை போட்டார்கள். வினோதன் வள்ளத்தில் போயிருந்தான். காசு போட்டவர்களில் பெண் நான் ஒருத்திதான், நீங்களே வையுங்கள் என்று சந்தனக் கிண்ணத்தைக் கையில் தந்தார்கள். மூடியைத் திறந்து, நடுவில் இருந்த வட்டக் கண்ணாடியில் பெரிய பொட்டாக வைத்தேன். மேலே குங்குமம். கடலை நல்ல ருசி.

ஒக்டோபர் 14

தட்டுகளை எடுத்து வாசித்தார்கள். ஒன்றும் வரவில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறம். உப்பு உள்ளே போயிருக்கலாம், பார்க்க வேண்டும் என்றான் வினோதன். முகத்தில் ரத்தம் இல்லை.

மெஷின் மூடி பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வட்டக் கண்ணாடிதான் அதன் கண்! நான் வைத்த சந்தனம் உள்ளே காய்ந்து கிடக்கிறது. தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சொல்லவா? மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்.

ஒக்டோபர் 15

கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 23

நானாவும், எங்களோடு காசு போட்ட குணரத்தினம் அண்ணையும் விலகுகிறார்கள். இருவர் பங்கையும் நானே வாங்கப் போகிறேன். கடையை ஈடு வைத்தால் போதும். பிறகு சந்தனத்தைத் துடைத்துவிட்டு, எல்லாம் என்னுடையது, நீ வெளியே போ என்பேன். வேண்டாத பெட்டையாம்!

வினோதன் கடைக்கே வந்தான். "வாங்காதேங்கோ தயாளினி. இது சரிவராமலும் போகும்" என்றான். என்ன நடிப்பு. கையை விட்டுப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். இருக்கக் கதிரைகூடக் காட்டவில்லை நான்.

நவம்பர் 4

கையெழுத்து முடிந்தது. ஈரத் துணியோடு நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன். மூடியைத் திறந்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது.

"சந்தனத்தைத் தேடுறீங்களோ?" பின்னால் வினோதன். "அதைப் பூசையண்டைக்கு வள்ளத்தால வந்த உடனேயே துடைச்சிட்டன். துடைச்சாப் பிறகுதான் வாசிச்சனாங்கள்."

அப்படியென்றால் தட்டு?

"உப்பு உள்ளுக்குப் போயிட்டுது. அது செத்துப் போச்சு. அதைத்தான் கடைக்கு வந்து சொன்னனான்."

என்ர கடை - என்ர கடையெல்லோ ஈட்டில கிடக்கு. நான் என்ன செய்துபோட்டன்?

நவம்பர் 9

விளிம்பை வேறு விதமாக ஒட்டிப் புதுத் தட்டு செய்து பார்க்கலாமாம். அது அவனால்தான் ஏலும். அவனுக்கோ கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. போக வேண்டாம் என்று சொல்ல நாக்குக் கூசியது. சொன்னேன். யோசித்துவிட்டு, நிற்கிறேன் என்றான்.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் புதுத் தட்டுகளைத் தண்ணீரில் இறக்கினான். நான் காளி கோயிலுக்குப் போய் அர்ச்சனைக்குச் சீட்டு எடுத்தேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"வினோதன், அவிட்டம்" என்றேன். பொருத்தம் பார்த்த காலத்தில் பாடமானது, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று கும்பிட்டேன்.